மெத்தடிஸ்ட் சபையில ஒரு வருஷம் சமூகசேவை பொறுப்பு பார்த்தேன், பார்த்ததை அப்படியே எழுதுறேன்

சூளைவாசி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். 2024 ஜனவரி முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனையில சமூகசேவை கமிட்டி செகரட்டரின்னு என் பேரை வாசிச்சாங்க, 2025 ஜனவரி 5ஆம் தேதி அதே உடன்படிக்கை ஆராதனையில நோட்டுப் புத்தகம், சாவி, மீதிப் பணம் எல்லாத்தையும் அடுத்தவங்க கையில குடுத்துட்டேன். வருஷா வருஷம் "நான் இனி எனக்குச் சொந்தமில்ல"ன்னு சபையா நின்னு சொல்றது பழக்கமான ஜெபம்தான், ஆனா இந்த தடவை சொல்றப்ப தொண்டை அடைச்சுக்கிச்சு. அதான் எழுதலாம்னு உக்காந்தேன்.

சபை பேரு வேணாம். வடசென்னையில சின்ன சபை, தமிழ் ஆராதனைக்கு ஒரு நூத்தம்பது பேர் வருவோம். நான் பெரிய ஊழியக்காரன் கிடையாது, பிராட்வேல ஒரு கடையில கணக்கு எழுதுற வேலை.

முதல் மூணு மாசம் எல்லா வருஷமும் நடக்கிறதைத்தான் நானும் நடத்தினேன். பிப்ரவரி 14 சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள்ல ஆளுக்கொரு கவர் குடுத்து மிச்சம் பிடிக்கிற காசை அதுல போடச் சொன்னோம், அந்தப் பணத்துல மார்ச் மாசம் ஒரு ஞாயிறு மெடிக்கல் கேம்ப். பந்தல், பேனர், பிளாஸ்டிக் சேர், நம்ம சபை டாக்டர் ரெண்டு பேர், சுகர் பாக்கிற ஸ்ட்ரிப் மட்டும் நாலு டப்பா வாங்கினோம். நூத்தி நாப்பது பேர் வந்தாங்க, பாஸ்டர் ஐயா மைக்ல சொல்லி எல்லாரும் கை தட்டினாங்க, எனக்கும் சந்தோஷம்.

ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும், ஓட்டேரி பக்கம் ஒரு பாட்டி வீட்டுக்கு ஒரு போர்வை குடுக்கப் போனேன். எழுபது தாண்டினவங்க, தனியா ஒத்த ரூம்ல இருக்காங்க. கேம்புக்கு வந்தீங்களே பாட்டி டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டேன். பாட்டி எழுந்து போய் பைபிளை எடுத்துட்டு வந்தாங்க, உள்ள சங்கீதம் இருக்கிற எடத்துல கேம்ப் சீட்டை நாலா மடிச்சு வச்சிருந்தாங்க. சுகர் 286ன்னு எழுதி கீழ ரெண்டு கோடு போட்டிருக்கு. "டாக்டர் எழுதிக் குடுத்தாரு தம்பி, பத்திரமா வச்சிருக்கேன்"னாங்க.

மாத்திரை எங்க பாட்டின்னேன். பிஸ்கட் டப்பாவைத் திறந்தாங்க. மக்களைத் தேடி மருத்துவம் அக்கா மாசாமாசம் ஒழுங்கா கொண்டு வந்து குடுத்துட்டுத்தான் போறாங்க, அதுல குறையே இல்ல. ஆனா பாட்டி தினமும் பிச்சு எடுக்க கஷ்டமா இருக்குன்னு பட்டையைக் கத்திரியால ஒண்ணு ஒண்ணா வெட்டி டப்பாவுல கொட்டி வச்சிருக்காங்க, பிரஷர் மாத்திரையும் வெள்ளை, சுகர் மாத்திரையும் வெள்ளை, பின்னாடி இருக்கிற பேரு பாதிப் பாதியா வெட்டுப்பட்டுப் போச்சு. பாட்டிக்கு எழுதப் படிக்கவும் வராது. கைக்கு வந்ததை காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு போட்டுக்கிறாங்க. என்னைக்கு சுகர் மாத்திரை உள்ள போச்சு, என்னைக்கு ரெண்டுமே பிரஷர் மாத்திரையா போச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. நாங்க கை தட்டிக்கிட்டோமே அந்த கேம்ப்ல, அவங்க ரத்தத்துல சுகர் எவ்வளவுன்னு கண்டுபிடிச்சோம், அவங்க வீட்டு பிஸ்கட் டப்பாவைப் பார்க்கல.

என் வீட்டுக்காரம்மா ரெண்டு துணிப் பை தச்சாங்க, மஞ்சள் பையில சூரியன், நீலப் பையில நிலா. டாக்டர்கிட்ட கேட்டு எது காலையில எது ராத்திரின்னு பிரிச்சு பட்டையோடவே போட்டு வச்சோம். சனிக்கிழமை சனிக்கிழமை யாராவது ஒருத்தர் போய் பட்டையில எத்தனை மிச்சம்னு எண்ணிட்டு வர்றது. மூணு மாசத்துல சுகர் 170க்கு வந்துச்சு. கேம்புக்கு முப்பத்தெட்டாயிரம் செலவாச்சு, இந்த ரெண்டு பைக்கு ஆனது ஒரு பிளவுஸ் பிட்டு காசு.

அப்புறம்தான் நம்ம சபையோட பழைய கதையைத் தேடிப் படிச்சேன். 1742ல இங்கிலாந்துல பிரிஸ்டல்ங்கிற ஊர்ல நம்ம ஆளுங்களுக்கு கட்டடக் கடன் இருந்திருக்கு. கேப்டன் ஃபாய்னு ஒருத்தர் எந்திரிச்சு, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி குடுப்போம்னு சொல்லியிருக்காரு. ஏழைங்க என்ன பண்ணுவாங்கன்னு கேட்டதுக்கு, இருக்கிறதிலேயே ஏழையா பதினோரு பேரை என் கணக்குல விடுங்க, நான் வாரா வாரம் போய்ப் பார்க்கிறேன், குடுக்க முடியாதவங்களுக்கு நானே போட்டுக்கிறேன்னு சொன்னாராம். அப்படி காசு வாங்க வீடு வீடா போனவங்கதான் இந்த வீட்டுல சண்டை, அந்த வீட்டுல நோய்னு வந்து மெத்தடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லிகிட்ட சொல்லியிருக்காங்க. அவருக்கு அப்பதான் பொறி தட்டியிருக்கு, ஆளுங்களைக் கவனிக்க நாம தேடிட்டு இருந்த வழி இதுதான்னு. பன்னெண்டு பேருக்கு ஒரு லீடர்னு வச்சுப் பார்க்கிற கிளாஸ் மீட்டிங் அப்படித்தான் வந்துச்சு. கடன் அடைக்க ஆரம்பிச்ச விஷயம், ஜனங்களைக் கவனிக்கிற ஏற்பாடா மாறிடுச்சு.

இதைப் படிச்சிட்டு ஜூலைல நாங்களும் ஆரம்பிச்சோம். பன்னெண்டு வீட்டுக்கு ஒருத்தர், மொத்தம் ஏழு பேர். சபை வீடு மட்டும்னு இல்ல, அதே லைன்ல இருக்கிற யார் வீடா இருந்தாலும் சேர்த்துக்கிட்டோம், அவங்க சரின்னா. வாரம் ஒரு தடவை கதவைத் தட்டணும், பிடி அரிசி டப்பாவை வாங்கிக்கணும், பத்து நிமிஷம் உக்காந்து பேசணும், வெளிய வந்து நோட்டுல ரெண்டு வரி எழுதணும், அவ்வளவுதான்.

நான் சொல்ல வர்றது இதுதான். சபைங்க வருஷத்துக்கு நாலு பெரிய நிகழ்ச்சி நடத்துறதை விட்டுட்டு இந்த வாராந்திர வேலைக்குப் பணத்தையும் ஆளையும் திருப்பணும். உங்க சபையில எப்படின்னு சொல்லுங்க, தப்புன்னு பட்டா அதையும் சொல்லுங்க.


பெரம்பூர் பிரதர்:

பிரதர் உங்க பாரம் புரியுது, ஆனா ஒரு விஷயம் மனசுல பட்டதைச் சொல்லிடுறேன். மாத்திரை எண்றது அரிசி வாங்கறது எல்லாம் நல்ல காரியம், அதை யார் வேணா பண்ணலாம், லயன்ஸ் கிளப் பண்ணுது, வார்டு கவுன்சிலர் பண்றாரு. சபைக்குன்னு குடுத்திருக்கிற வேலை சுவிசேஷம். உங்க முழு பதிவுல ஆத்துமா பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஒரு வருஷத்துல எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க, எத்தனை பேர் ஆராதனைக்குப் புதுசா வந்தாங்க? தப்பா எடுத்துக்காதீங்க.


ஓட்டேரி அக்கா:

நான் எங்க சபை பெண்கள் சங்கத்துல, டபிள்யூ.எஸ்.சி.எஸ்ல, இருபது வருஷமா இருக்கேன். தம்பி எழுதினதுல பிடி அரிசின்னு ஒரே வார்த்தையில போயிட்டாரு, அதைப் பத்தி நான்தான் சொல்லணும், ஏன்னா அந்த அரிசியைப் பிரிச்சது எங்க கைதான்.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், உலை வைக்கிறப்ப வீட்டுக்காக அளந்து எடுத்ததுல இருந்து ஒரு பிடி அள்ளி தனி டப்பாவுல போடறது. எங்க அம்மா காலத்துல ஞாயித்துக்கிழமை பைல கட்டி எடுத்துட்டுப் போய் கோயில்ல கொட்டுவாங்க. கையில பத்து பைசா இல்லாத பொம்பளை கூட காணிக்கை குடுக்க முடியும், அதுக்காகவே வந்த பழக்கம். இப்ப எல்லாரும் ஜிபே பண்றாங்க, பழக்கம் போயிடுச்சு.

தம்பி திரும்ப ஆரம்பிச்சப்ப முதல் மாசம் எண்பது கிலோ சேர்ந்துச்சு, எல்லாத்தையும் ஒரே டிரம்ல கொட்டிட்டாங்க. பொன்னி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி, ஒரு வீட்டுல பாஸ்மதி கூட போட்டிருக்காங்க. இதை வடிச்சுப் பாருங்க, பச்சரிசி குழைஞ்சு கூழாயிடும், புழுங்கல் நடுவுல நறுக்கு நறுக்குன்னு நிக்கும். அதையே பொட்டலமா கட்டி குடுக்கலாம்னு கமிட்டியில பேச்சு வந்துச்சு. நான் எந்திரிச்சு சொன்னேன், நம்ம வீட்டுல வடிக்க மாட்டோம்னு தெரிஞ்ச அரிசியை இன்னொருத்தர் வீட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு. அந்த எண்பது கிலோவையும் களைஞ்சு உளுந்து வாங்கி ஊறப்போட்டு மாவா அரைச்சோம், கலப்பு அரிசி மாவுக்கு நல்லாவே வரும், எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரி வாசல்ல ராத்திரி தங்கற அம்மாங்களுக்கு மூணு வாரம் இட்லி போச்சு. அங்க வெளியூர்லேர்ந்து புள்ளையைத் தூக்கிட்டு வந்து, துணை ஆளும் இல்லாம, சாப்பிடப் போனா எடம் போயிடும்னு உக்காந்திருப்பாங்க. அம்மா உணவகத்துல 1 ரூபா இட்லி இருக்குதான், எந்திரிச்சு போய் வாங்க ஆள் வேணுமே.

அடுத்த மாசத்துலேர்ந்து வீட்டுக்கு ரெண்டு டப்பா, மூடியில ப, புன்னு எழுதி ஒட்டினோம். அதுக்கப்புறம் தொல்லை இல்ல.

இன்னொண்ணு. கதவு தட்டற ஏழு பேர்ல அஞ்சு பேர் பொம்பளைங்க, இதையும் எழுதியிருக்கலாம் தம்பி.


சூளைவாசி:

அக்கா மன்னிச்சிடுங்க, எழுதியிருக்கணும். அஞ்சு பேரும் வேலைக்கும் போயிட்டு வீட்டையும் பார்த்துட்டு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தவங்க. அந்த இட்லிக்கு விடியக்காலை நாலு மணிக்கு கிரைண்டர் போட்டது யார்னும் எனக்குத் தெரியும்.

பெரம்பூர் பிரதர், உங்களுக்குப் பதில் எழுதுறேன், நிதானமா எழுதணும், ராத்திரி வர்றேன்.


ராயப்பேட்டை ஜோ:

ஒரு சின்ன சந்தேகம், நான் சிஎஸ்ஐ, தென்னிந்தியத் திருச்சபை. எங்க சபை பேர்லயே வெஸ்லி இருக்கு, ஆனா நாங்க மெத்தடிஸ்ட்னு சொல்லிக்கிறது இல்ல. நீங்க தனி மெத்தடிஸ்ட்ங்கிறீங்க. ரெண்டும் ஒண்ணா வேறயா? எங்கள்ல கிளாஸ் மீட்டிங்னு ஒண்ணு கேள்விப்பட்டதே இல்ல.


சூளைவாசி:

ஜோ, வேர் ஒண்ணுதான். சென்னைக்கு முதல்ல வந்தது இங்கிலாந்து வெஸ்லியன்ங்க, 1817ல ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்தாரு, உங்க ராயப்பேட்டை, பிராட்வே பக்கமெல்லாம் அவங்க வேலை. அவங்க 1947 செப்டம்பர் 27 கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் பேராலயத்துல பல சபைங்க இணைஞ்சு சிஎஸ்ஐ உருவானப்ப அதுல சேர்ந்துட்டாங்க. எங்களோடது அமெரிக்கா வழி, 1856ல வில்லியம் பட்லர் வந்து வடக்க பரேலில ஆரம்பிச்சது, அப்புறம் 1870கள்ல வில்லியம் டெய்லர் மூலமா தெற்க வந்துச்சு. நாங்க இணைப்புல சேரல, 1981லேர்ந்து மெத்தடிஸ்ட் சர்ச் இன் இந்தியான்னு தனியா இருக்கோம். கிளாஸ் மீட்டிங் எங்கள்லயும் பேரளவுக்குத்தான் இருந்துச்சு, என் தாத்தா கிளாஸ் டிக்கெட்டுன்னு, உறுப்பினர்னு காட்டுற ஒரு சின்ன அட்டை வச்சிருந்தாரு, அது எதுக்குன்னு இந்த வருஷம்தான் எனக்குப் புரிஞ்சது.


முன்னாள் பொருளாளர்:

நான் வேற ஒரு மெத்தடிஸ்ட் சபையில ஆறு வருஷம் கணக்கு பார்த்தவன், அதனால கொஞ்சம் எதிர்த்துப் பேசுறேன்.

கேம்ப் வேணாம்னு ஒரேயடியா சொல்லாதீங்க தம்பி. பணம் எப்படி வருதுன்னு யோசிங்க. ஸ்தோத்திரப் பண்டிகையில காணிக்கையா வந்ததை ஏலம் விடறப்ப ஒரு பூசணிக்காயை மூவாயிரத்துக்கு எடுக்கிறாரே அவர் பூசணிக்காய்க்கா குடுக்கிறாரு? கேம்ப்ல நூறு பேர் வரிசையில நின்னதைக் கண்ணால பார்த்திருக்காரு, அதனால குடுக்கிறாரு. வாரா வாரம் கதவு தட்டறது யார் கண்ணுக்கும் தெரியாது, நோட்டுல இருக்கிற ரெண்டு வரியைக் காட்டி நன்கொடை கேக்க முடியாது, கேக்கவும் கூடாது, அது ஜனங்களோட வீட்டு விஷயம்.

அடுத்து ரத்த தானம். அதை வீடு வீடா போய் எடுக்க முடியாது. நாங்க வருஷா வருஷம் ஜூன்ல நடத்துறோம். ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பொம்பளைங்க நாலு மாசத்துக்கு ஒரு தடவை குடுக்கலாம், 45 கிலோ எடை வேணும், ஹீமோகுளோபின் 12.5 வேணும். போன வருஷம் எங்க கேம்புக்கு ஆசையா வந்த பொண்ணுங்கள்ல பாதிக்கு மேல அந்த 12.5 இல்லாம திருப்பி அனுப்பினாங்க, அதுல ஒரு பொண்ணு அழுதுட்டுப் போச்சு. காலேஜ் படிக்கிற புள்ளைங்க, இவ்வளவு ரத்தசோகை இருக்குன்னு கேம்ப் இல்லன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?

இன்னொரு கவலை, நம்மள்ல பாஸ்டரை பிஷப் மாத்திட்டே இருப்பாரு, அது நம்ம முறை. ஒருத்தர் ஆரம்பிக்கிறது அடுத்தவர் வந்தா நின்னுடும். எங்க சபையில தையல் மெஷின் அஞ்சு வாங்கி கிளாஸ் நடந்துச்சு, ஐயா மாறிப் போனதும் மெஷின் மேல துணி போட்டு மூடி வச்சாங்க, இன்னும் அப்படியே இருக்கு. உங்க கதவு தட்டறது எத்தனை நாளைக்கு?


பட்டாளம் குமார்:

நான் கிறிஸ்டியன் இல்ல, முருகன் கும்பிடறவன். ஃப்ரெண்டு ஒருத்தன் லிங்க் அனுப்பினான், படிச்சேன், சொல்லாம போக மனசு வரல.

அக்டோபர் 15 மழை ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும். எங்க தெருவுல காலையிலேயே முழங்கால் தண்ணி, மதியம் கரண்ட் போச்சு. எங்க அப்பாவுக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ், அடுத்த நாள் காலையில போகணும். நான் வேலைக்குப் போன எடத்துல மாட்டிக்கிட்டேன், அம்மா மட்டும் வீட்டுல. சாயங்காலம் ஒரு அக்காவும் ரெண்டு பசங்களும் தண்ணியில நடந்து வந்து, அப்பாவுக்கு நாளைக்கு டயாலிசிஸ் நாளாச்சே எப்படிப் போவீங்கன்னு கேட்டிருக்காங்க. அம்மா யார்கிட்டயும் உதவி கேக்கல. அந்த அக்கா வாரா வாரம் பக்கத்து வீட்டுக்கு வர்றவங்க, எங்க வீட்டுலயும் எட்டிப் பார்த்து அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டுட்டுப் போவாங்க, அவங்க நோட்டுல எழுதியிருக்காங்க போல. காலையில மீன்பாடி வண்டி ஒண்ணு கொண்டு வந்து அதுல சேர் போட்டு அப்பாவை உக்கார வச்சு மெயின் ரோடு வரைக்கும் தள்ளிட்டுப் போய் ஆட்டோ ஏத்தினாங்க. ஒருத்தன் குடை பிடிச்சிட்டே வந்தான்னு அம்மா இன்னும் சொல்லுவாங்க.

மேல ஒரு பிரதர் ஞானஸ்நானம் எத்தனைன்னு கேட்டிருக்காரு. அண்ணா, உங்க நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனா அந்த வண்டி வந்தது எங்களை சர்ச்சுக்குக் கூப்பிடத்தான்னு இருந்திருந்தா எங்க அப்பா ஏறியிருக்க மாட்டாரு. அவங்க ஒண்ணும் கேக்கல. ஜெபம் பண்ணலாமான்னு ஒரு தடவை கேட்டாங்க, அப்பா பண்ணுங்கம்மான்னாரு, பண்ணாங்க, அம்மா விபூதி எடுத்து அந்தப் பசங்க நெத்தியில வச்சு விட்டாங்களாம், அவங்களும் தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டாங்க.


எம்.ஒய்.எஃப் பொண்ணு:

குமார் அண்ணா அந்தக் குடை பிடிச்சது என் தம்பி :) அப்பா இப்ப எப்படி இருக்காரு?

நான் நல்லா நடக்காத ஒரு விஷயம் சொல்லணும், சூளைவாசி அண்ணன் எழுதுவாருன்னு பார்த்தேன், எழுதல. எங்க சபை வாலிபர் சங்கம், எம்.ஒய்.எஃப், நடத்துற சாயங்கால டியூஷன்ல முப்பது புள்ளைங்க, கவர்மென்ட் ஸ்கூல், மாநகராட்சி ஸ்கூல் புள்ளைங்கதான். அதுல ஒரு பையன் ஒன்பதாவது, கணக்குல புலி, எனக்கே வழி காட்டுவான். ஆகஸ்ட்ல அவங்க இருந்த வரிசை வீடுங்களைக் காலி பண்ணச் சொல்லி ஊருக்குத் தெற்கு ஓரத்துல இருக்கிற பெரும்பாக்கத்துல வீடு ஒதுக்கிட்டாங்க. ஒரு வாரத்துல தட்டுமுட்டு சாமான் எல்லாம் மினி லாரில ஏத்திட்டுப் போயிட்டாங்க. எங்களுக்கு திங்கக்கிழமை அவன் வராதப்பதான் தெரியும்.

அங்கேர்ந்து ஸ்கூலுக்கு வர பஸ் மாறி ரெண்டு மணி நேரம். கொஞ்ச நாள் வந்தான், அப்புறம் நின்னுட்டான். அவங்க அம்மா இங்க நாலு வீட்டுல வேலை பார்த்தவங்க, அங்க போனதும் அதுவும் போச்சு. நான் ரெண்டு தடவை போன் பண்ணேன், எடுக்கல, பரீட்சை வந்துச்சு, நானும் விட்டுட்டேன். கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ்ல பழைய வீடு இருந்த எடத்தைத் தாண்டிப் போனப்ப பாட்டு வாயில வரல எனக்கு.

கதவு தட்டறோம்னு சொல்றோம்ல, கதவையே காணோம்னா என்ன பண்றது? நம்ம ஏரியா மாதிரி எத்தனை ஏரியாவுலேர்ந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு ஜனங்களைக் கொண்டு போய் விட்டிருக்காங்க, சபைங்க எல்லாம் இங்கயேதான் இருக்கு. இதைப் பத்தி எந்தக் கமிட்டியிலயும் பேசினதே இல்ல.


சூளைவாசி:

ராத்திரி பதினொண்ணு ஆகுது, எல்லாருக்கும் சேர்த்து எழுதுறேன், நீளமா போகும்.

தங்கச்சி எழுதினதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன். நான் எழுதாம விட்டது வேணும்னேதான், எழுத கை வரல. அந்தப் பையன் வீடு என் பன்னெண்டு வீட்டுல ஒண்ணு. ஜூலை கடைசி வாரம் அவங்க அம்மா என்கிட்ட "காலி பண்ணச் சொல்றாங்கண்ணே"ன்னு சொன்னாங்க, நோட்டுல எழுதியிருக்கேன், தேதியோட. எழுதிட்டு ஸ்கூல் டிரான்ஸ்ஃபர் பத்தி ஹெச்.எம் கிட்ட பேசணும், பெரும்பாக்கம் பக்கத்துல இருக்கிற சபை யாரையாவது பிடிக்கணும்னு நினைச்சேன், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு விட்டேன். அடுத்த வாரம் அங்க வீடு இல்ல. இது என் தப்பு, வேற யார் மேலயும் இல்ல. எழுதி வச்சா மட்டும் போதாது, எழுதினதை அன்னைக்கே ஒருத்தர்கிட்ட சொல்லணும்னு அதுக்கப்புறம்தான் ஏற்பாடு பண்ணோம், ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் ஏழு பேரும் வெஸ்ட்ரில, அதான் கோயிலை ஒட்டின பாஸ்டர் அறையில, கால் மணி நேரம் உக்காந்து நோட்டை வாசிப்போம். அக்டோபர் மழைக்கு அது உதவுச்சு. அந்தப் பையனுக்கு உதவல.

பெரம்பூர் பிரதர், ஞானஸ்நானம் எத்தனைன்னு கேட்டீங்க. ஒண்ணும் இல்ல. ஆராதனைக்கு வராம நின்னு போயிருந்த மூணு குடும்பம் திரும்ப வர ஆரம்பிச்சாங்க, அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சு. ஆனா ஆத்துமா வேற மாத்திரை வேறன்னு நம்ம சபையில ஆரம்பத்துலேர்ந்தே பிரிச்சது இல்ல பிரதர். 1739ல கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்களுக்கு வெட்டவெளியில பிரசங்கம் பண்ண அதே வெஸ்லி, 1746ல லண்டன்ல ஃபவுண்டரிங்கிற எடத்துல ஏழைங்களுக்கு இலவச மருந்து குடுக்க ஆரம்பிச்சாரு, சின்ன வியாபாரிங்களுக்கு வட்டி இல்லாம கைமாத்து குடுக்க ஒரு நிதியும் வச்சாரு. 1785 ஜனவரியில அவருக்கு 81 வயசு, லண்டன்ல உருகின பனி கணுக்கால் வரைக்கும் கிடக்குது, அதுல தெருத் தெருவா நடந்து ஏழைங்களுக்குத் துணி வாங்க 200 பவுண்டு பிச்சை எடுத்திருக்காரு. அந்த வயசுல அவர் போதகர் வேலையை விட்டுட்டா போனாரு? ரெண்டும் அவருக்கு ஒரே வேலை. நான் பாட்டி வீட்டுல மாத்திரை எண்ணி முடிச்சதும் பாட்டி தம்பி ஒரு சங்கீதம் வாசின்னு சொல்லுவாங்க, வாசிப்பேன். அந்த சீட்டு இன்னும் அதே பக்கத்துலதான் இருக்கு, எடுக்க விட மாட்டேங்கிறாங்க.

குமார், உங்க அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க. அன்னைக்கு வந்த அக்கா இதைப் படிச்சிட்டு எனக்குப் போன் பண்ணாங்க, ரொம்ப நேரம் பேச முடியல அவங்களால.

பொருளாளர் சார், நீங்க சொன்னதுல ரெண்டை ஒத்துக்கிறேன். ரத்த தானம் கேம்பாத்தான் நடக்கணும், சரி. அந்தப் பொண்ணுங்க விஷயம் எனக்கு இப்பதான் தோணுது, திருப்பி அனுப்பினப்ப யாராவது பேரும் வீடும் குறிச்சு வச்சாங்களா சார்? அடுத்த மாசம் யாராவது போய் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடறியாம்மான்னு கேட்டாங்களா? கேட்டிருந்தா அந்த கேம்புக்கு முழுப் பலன். நான் கேம்பே வேணாம்னு மேல எழுதினது கோவத்துல எழுதினது, மாத்திக்கிறேன், கேம்ப் நடந்தா அடுத்த சனிக்கிழமை போக ஆள் இருக்கணும், ஆள் இல்லன்னா கேம்ப் வைக்கக் கூடாது.

பாஸ்டர் மாறினா என்ன ஆகும்னு கேட்டீங்க. எங்களுக்கு மே மாசமே மாறிட்டாரு. புது ஐயா வந்தப்ப இந்த வேலை ஆரம்பிக்கவே இல்ல, ஆரம்பிக்கிறப்ப அவர் ஒரு வார்த்தைதான் சொன்னாரு, இதுல என் பேரு எங்கயும் வர வேணாம், நான் போனாலும் ஓடணும்னு. வெஸ்லி காலத்துல பிரசங்கியார் குதிரை ஏறி ஊர் ஊரா சுத்திட்டே இருப்பாரு, ஊர்லயே இருந்து ஜனங்களைப் பார்த்தது கிளாஸ் லீடர்ங்க, செருப்பு தைக்கிறவங்க, நெசவு பண்றவங்க, வீட்டு வேலை பார்த்த பொம்பளைங்க. பாஸ்டர் மாறிட்டே இருக்கிற சபைக்கு இது பொருத்தமான ஏற்பாடுதான் சார். அந்தத் தையல் மெஷின் அஞ்சும் இன்னும் இருந்தா சொல்லுங்க, எங்க அக்காங்க ரெண்டு பேருக்குத் தைக்கத் தெரியும், வந்து பார்ப்பாங்க. மாத்திரைப் பை இப்ப பதினாலு வீட்டுக்கு வேணும்.


முன்னாள் பொருளாளர்:

பேர் குறிச்சு வைக்கல தம்பி. ரிஜிஸ்டர்ல ரத்தம் குடுத்தவங்க பேரு மட்டும்தான் இருக்கு. இந்த வாரமே சண்டே ஸ்கூல் டீச்சர்கிட்ட கேட்டா யார் யார் வந்தாங்கன்னு தெரியும், அதுல ரெண்டு பேர் அவங்க பழைய ஸ்டூடன்ட்ஸ். மெஷின் விஷயம் கமிட்டியில கேக்கிறேன், பெல்ட்டு போயிருக்கும், எண்ணெய் போடணும்.


பெரம்பூர் பிரதர்:

81 வயசுல பனியில நடந்தது எனக்குத் தெரியாது பிரதர். நான் கேட்ட கேள்வி இன்னும் எனக்கு இருக்கு, ஆனா ஒரு சனிக்கிழமை உங்ககூட வந்து பார்க்கலாமா?


சூளைவாசி:

வாங்க பிரதர். அஞ்சு மணிக்கு சபை வாசல்ல நிப்போம். வெயிலுக்கு ஒரு தொப்பி, தண்ணி பாட்டில்.


ஓட்டேரி அக்கா:

வர்றவர் வெறுங்கையோட போய் டப்பாவை மாத்தி வாங்கிட்டு வந்துடாதீங்க, மூடியைப் பாருங்க. ப, பு.


எம்.ஒய்.எஃப் பொண்ணு:

அண்ணா, காலையில திரும்ப அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பையனோட அக்கா எடுத்தா. பிளாக் நம்பர், மாடி எல்லாம் சொன்னா, ஏழாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாதாம். அவன் இப்ப ஒரு மெக்கானிக் கடையில நிக்கிறானாம். நான் என் பழைய பத்தாவது கணக்கு புக்கு, கைடு எடுத்து வச்சிருக்கேன். இந்த சனிக்கிழமை மத்தியானமே கிளம்பினா சாயங்காலத்துக்குள்ள போய்ட்டு வந்துடலாம், தம்பியும் வர்றான். யாராவது பெரியவங்க கூட வந்தா அவங்க அம்மாகிட்ட பேச நல்லாருக்கும்.


சூளைவாசி:

நான் வர்றேன்மா. பாட்டி வீட்டு மாத்திரையை வெள்ளிக்கிழமையே எண்ணிடுறேன். பன்னெண்டு மணிக்கு சூளை பஸ் ஸ்டாப்.